என் மகளின் வயிற்றில் இருந்த பிளேடு

எங்கள் சபையில், கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தபோது பாதியிலேயே அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். பயத்தில் இருக்கிற யாராவது ஒருவர் வாசித்தால் போதும்.

என் பெயர் எஸ்தர். இராஜபாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் சாமுவேல் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஷாரோன். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அவளை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக மனம் வராமல், வீட்டிலேயே ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் எழுத்தையோ படத்தையோ போட்டு அனுப்பினால், கட்டிங் மிஷின் அதை அப்படியே வினைல் தாளில் வெட்டித் தரும். வேண்டாத ஓரத்தைப் பிய்த்தெடுத்தால் ஸ்டிக்கர் தயார். பைக்கில் ஒட்டும் பெயர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை என்று எதற்காவது ஒன்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்கு நிறைய ஆர்டர் வந்திருந்தது. அன்று காலையில் எழுத்தெல்லாம் பிசிறடிக்கத் தொடங்கியது. பிளேடு மழுங்கிவிட்டது. அந்த மிஷினின் பிளேடு சவரப் பிளேடு போல இருக்காது. ஒரு ஆணியின் அளவுதான். ஒரு பக்கம் மொட்டையாக இருக்கும், மறுபக்கம் ஊசிபோல் சாய்த்துத் தீட்டியிருக்கும். அதைக் கழற்றி மேஜையின் உள்பக்கமாக வைத்துவிட்டு, குனிந்து புதியதை மாட்டினேன். அப்போது ஒன்றரை வயதான ஷாரோன் தரையில் உட்கார்ந்து வினைல் துண்டுகளைக் கன்னத்தில் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் ஸ்டூலைப் பிடித்து ஏறுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றுதான் முதன்முதலாக ஏறினாள்.

இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் வாயோரம் வழிந்த எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு. மேஜையைப் பார்த்தேன். பிளேடு இல்லை.

தரையில் தேடினேன். பாயை உதறினேன். வினைல் தாளின் பசைப் பக்கத்தை மொசைக் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துப் பார்த்தேன். தூசியும் முடியும்தான் ஒட்டி வந்தன. பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விடப் போனேன். என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு சீதம்மா அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி எஸ்தரு, விரல விடாத! தொண்டையில இருந்தா கிழிச்சிரும். பிள்ளையத் தூக்கு, நான் ஆட்டோவக் கூப்பிடுதேன்."

தெலுங்கு பேசுகிற குடும்பம் அவருடையது. வழி முழுக்க "தேவுடா, தேவுடா" என்று கடவுளைக் கூப்பிட்டு முனகிக்கொண்டே ஆட்டோவில் வந்தார். எனக்கு அதுகூட வாயில் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். "நேரா ஆஸ்பத்திரிக்கே வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தார் என் கணவர்.

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. மங்கலான வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"கூரான சாமானும்மா. இங்க வச்சுப் பார்க்க வசதி இல்ல. உடனே மதுரைக்குக் கொண்டு போங்க. வழியில தண்ணிகூடக் கொடுக்காதீங்க."

ஆம்புலன்ஸில் ஷாரோன் தண்ணீர் கேட்டு அழுதாள். ஒவ்வொரு அழுகைக்கும் அவள் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. அந்த அசைவில் அது எங்கே குத்துமோ என்று பார்த்தே என் உயிர் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அன்று அங்கே தேரோட்டம். மாற்றிவிட்ட பாதையிலும் வேன், பஸ், ஜனம். சைரன் அடித்தும் ஒதுங்க இடமில்லை. என் கணவர் கதவைத் திறந்து இறங்கி, அங்கே நின்ற போலீஸ்காரரிடம் ஓடினார்.

"சார், பச்சப் பிள்ளை... பிளேட முழுங்கிருச்சு சார்."

அவர் திரும்பி ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் வாய்க்கு வாய் முன்னால் போனது. "பிள்ளை பிளேட முழுங்கிருச்சாம், வழிய விடுங்கப்பா!" தேர் பார்க்க வந்தவர்கள் கைகோத்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பைக்குகளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். செங்கடல் பிளந்ததைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அதன் நடுவே போனேன். கண்ணாடி வழியாக ஒரு அம்மா என் பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் மதுரையில் பயம் இன்னும் கூடியது. மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்தார். "கேமரா விட்டு எடுத்துரலாம்னு நெனச்சோம். அது இரைப்பையத் தாண்டிக் குடலுக்குள்ள போயிருச்சு. இனிமே கேமரா எட்டாது."

"அப்ப என்னம்மா செய்ய?" என்றார் என் கணவர்.

"காத்திருக்கணும். தானா வெளிய வரவும் செய்யும். ஆனா கூர்ப் பக்கம் முன்னால போகுது. எங்கயாவது குத்திருச்சுன்னா உடனே வயித்தத் திறக்கணும்."

காத்திருந்தோம். காய்ச்சல் வருகிறதா, வயிறு கல்லாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மலம் போன துணியை எல்லாம் அலசிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போனில் சபையார் எல்லோரும் ஜெபிப்பதாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. என்னால் மட்டும் ஜெபிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கேட்கவே பயந்தேன். கேட்டு, கர்த்தர் முடியாது என்றுவிட்டால்?

"எனக்கு ஜெபமே வரலைங்க. பயமா இருக்கு" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"அதையே சொல்லு எஸ்தரு" என்றார் அவர். "பயமா இருக்குப்பான்னு சொல்லு. அதுக்கு மேல அவருக்கு என்ன தெரியணும்?"

அதையேதான் சொன்னேன். கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து, "அப்பா, பயமா இருக்கு, பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வத்திராயிருப்பிலிருந்து வந்த ஒரு தாய், முத்துலட்சுமி. அவர் மகனுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் என் தோளைத் தொட்டார்.

"யக்கா, உங்க சாமிகிட்ட எம் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை கேளுங்கக்கா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொன்னேன். என் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் ஜெபம் அதுதான்.

மறுநாள் காலையில் ஷாரோன் வாந்தி எடுத்தாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். தொட்டுப் பார்த்தால் வயிறு இறுகிக் கிடந்தது. நர்ஸ் ஓடினார். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு என் கணவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தள்ளுவண்டியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நான் வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "உம்முடைய பிள்ளைதானே, நீர்தானே தந்தீர், உம்முடைய கையிலேயே வைத்துக்கொள்ளும்" என்றேன். அதைச் சொன்னபோது அவளைத் திரும்பக் கேட்கிறேனா, கொடுத்துவிடுகிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா படத்தோடு வெளியே வந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பிளேடு திரும்பிருச்சும்மா" என்றார். "இப்ப மொட்டைப் பக்கம்தான் முன்னால இருக்கு. குத்தின அடையாளம் எதுவும் இல்ல. பெருங்குடலுக்கு வந்துருச்சு. செத்த நேரம் பொறுத்துப் பார்ப்போம்."

"எப்பிடிம்மா திரும்புச்சு?" என்றேன்.

"சில சமயம் குடலே அப்படித் திருப்பி விட்டுரும்" என்றார். அந்தக் குடலைப் படைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டு அழுதேன்.

வலி மெல்லத் தணிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். அடுத்த நாள் மதியம், துணியை அலசும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கறுத்துப்போய், அதே பிளேடு. என் பிள்ளையின் குடலில் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்துவிட்டது. வாயோரம் வந்த இரத்தம் உதட்டின் உள்பக்கம் பட்ட சிறு காயத்தினுடையது என்றார்கள். "ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து வந்தது. முத்துலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டார்.

அவர் மகனுக்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. வெகுநாள் கழித்தே வீடு திரும்பினான். என் பிள்ளைக்கு அப்படி, அவனுக்கு ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. என் ஜெபம் ஒசத்தி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கர்த்தர் இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் மிஷினைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பல வாரங்கள் அதைத் துணியால் மூடியே வைத்திருந்தேன். பிறகு என் கணவர் அந்த அறைக்கு ஒரு அடைப்புக் கதவு போட்டார். கழற்றிய பிளேடு கையிலிருந்து நேரே மூடி போட்ட டப்பாவுக்குள் போகும். ஜெபிக்காமல் இப்போது சுவிட்சைத் தொடுவதில்லை. பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஷாரோன் இருமினால் இன்றைக்கும் ஓடுகிறேன். ஆனால் அந்தப் பயத்தோடு எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் போகிறேன். பிள்ளையோடு காத்திருக்கிற அம்மாமாரின் பக்கத்தில் உட்காருவேன். பெரிதாக எதுவும் பேசுவதில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்பேன். இருக்கிறது என்பார்கள். சேர்ந்தே கர்த்தரிடம் சொல்வோம்.

பிரியமானவர்களே, நல்ல வார்த்தை வரட்டும், விசுவாசம் பெருகட்டும், பிறகு ஜெபிப்போம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். நான் கொண்டுபோனது அது ஒன்றைத்தான். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.