ஒரு ஆள் இடம்

நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கேமராக்கள் வந்தன. அவற்றோடு மதுரையிலிருந்து ஓர் அக்காவும் வந்தார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் போடிக்கு வந்து இறங்கி, படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். புகைப்படம் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். சனிக்கிழமை கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்க ஆர்வமுள்ளவர்கள் பதினேழு பேர் கொடுத்தோம்.

அவர்களில் எனக்கு மட்டும் நிஜமாகவே பித்துப் பிடித்தது. படத்தின் சட்டத்தை மனதுக்குள் மூன்று மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும், ஆள் நடுவில் நிற்கக் கூடாது, ஒரு கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்று அந்த அக்கா சொன்ன நாளிலிருந்து உலகமே எனக்குக் கோடு போட்ட நோட்டாகிவிட்டது. அம்மா தோசை ஊற்றும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நடுவுல நிக்கிற" என்பேன். அம்மா கரண்டியைக் காட்டுவாள்.

தீபாவளி முடிந்ததும் அந்த அக்கா எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளைப் பத்துப் படங்களில் சொல்ல வேண்டும். எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. நல்லவற்றைப் பள்ளியில் கண்காட்சியாக வைப்பார்கள். மற்றவர்கள் பூக்காரம்மாவையும் பரோட்டா மாஸ்டரையும் தேடிப் போனார்கள். நான் அம்மாவை எடுப்பதென்று முடிவுசெய்தேன்.

அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவள். காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனைக்கு ஜீப்பு வரும். பெண்கள் ஏறிக்கொண்டதும் அது போடிமெட்டு வளைவுகளில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவையும் கூடப் போனதில்லை.

"காயெடுக்கிறதுல என்னத்தடி படம் புடிக்கப் போற?" என்று அம்மா கேட்டாள். ஆனால் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை விட்ட அந்தப் புதன்கிழமை காலையில், அப்பாவின் பழைய சட்டைக்குள்ளே அவள் கட்டியிருந்தது நல்ல சேலை.

ஜீப்பில் பின்னால் இரண்டு பக்கமும் பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் மடியில் பாதி இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. நான் என் பையை அங்கே வைத்தேன். எதிரே இருந்த ஒரு பெரியம்மா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ முன்னால டிரைவர் அண்ணங்கிட்ட உக்காந்துக்க பாப்பா. அங்கயிருந்தா மலை நல்லாத் தெரியும்" என்றார். எனக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது. திரும்பி உட்கார்ந்து அவர்களை இரண்டு படம் எடுத்தேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஏலச்செடி இடுப்பளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆளை விட இரண்டு மடங்கு உயரம். அதற்கு மேலே வானத்தை மூடிக்கொண்டு பெரிய மரங்கள். காய் மேலே காய்ப்பதில்லை. அடியில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. அதனால் பெண்கள் செடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே நகர்கிறார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது. பக்கத்து வரிசையில் இருப்பவள் முதலில் சேலை நிறமானாள், பிறகு வெறும் நிழலானாள், அப்புறம் அவளும் இல்லை. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மேட்டுப்பக்கம் கடைசியில் இருந்த பெண், "ஊ...ய்" என்றாள். அடுத்தவள், "ஊ...ய்." அதற்கடுத்தவள். பனி இறங்கினால் யாரும் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக வரிசைப்படி குரல் கொடுத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னாள். குரல் ஒவ்வொருத்தியாகக் கைமாறி இறங்கி வந்து, அம்மாவிடம் வந்தது. அம்மா கொடுத்தாள். பிறகு ஒன்றும் இல்லை. ஒருவர் மூச்சு இழுத்துக் குரல் விடுகிற நேரம் சும்மா இருந்தது. அதன் பிறகுதான் அடுத்தவள் தொடர்ந்தாள்.

கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இது நடந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு அடுத்து அந்த மௌனம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்குள் மங்கித் தெரியும் பெண்களை எல்லாம் ஒரே படத்துக்குள் கொண்டுவர இடம் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் வரிசைக்கும் அடுத்தவள் வரிசைக்கும் நடுவில் ஒரு வரிசையை யாரும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். சரத்தில் காய் அப்படியே கிடந்தது. அதற்குள் போய்க் குந்தி உட்கார்ந்தால் முன்னால் அந்தக் காலி வரிசையும் அதன் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தன. எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேட்டிலிருந்து குரல் இறங்கி வந்தது. அம்மா கொடுத்தாள். மௌனம் வந்தது. நான் அந்த இடத்தில் இருந்ததால், விளையாட்டாக, என் பங்குக்கு, "ஊ...ய்" என்றேன்.

அடுத்தவள் தொடரவில்லை.

காய் பறிக்கும் சத்தம், வாளியில் காய் விழும் சத்தம், யாரோ இருமிக்கொண்டிருந்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அந்த அமைதிக்குள், கீழே ஓடைப்பக்கத்திலிருந்து, யாருமே காயெடுக்காத பக்கத்திலிருந்து, மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "ஊ...ய்."

என் குரல்தான் மலையில் பட்டுத் திரும்பியிருக்கும். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் காலையிலிருந்து அத்தனை பேர் கொடுத்த குரலில் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

வரிசையின் மறுகோடியிலிருந்து ஒருத்தி, "ராசாத்தீ!" என்று கத்தினாள். அடுத்த நொடி செடிகள் முறியும் சத்தம். அம்மா பனியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் திறந்து, கண் விரிந்து, யாரையோ அணைத்துக்கொள்ளப் போகிறவள்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கை கீழே விழுந்தது. பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். வயசுக்கு வந்த பிறகு அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

ராசாத்தி யார் என்று எனக்குத் தெரியும். போடி முழுக்கத் தெரியும். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இதே ஜீப்பில் ஏறுகிறவர். போன வருடம் ஐப்பசியில், மத்தியானச் சாப்பாடு முடிந்து, டிபன் பாக்ஸைக் கழுவ ஓடைக்குப் போனார். வரவில்லை. டிபன் பாக்ஸ் சுத்தமாகக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று பாறைமேல் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. நாள் கணக்காகத் தேடினார்கள். சேலை நூல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஊருக்கு ஒரு பதில் கிடைத்தது: யாருடனோ ஓடிப்போய்விட்டாள். அதை எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவள் என் அம்மா. "புள்ளைய விட்டுட்டுப் போனவ பேச்ச என் வீட்டுல எடுக்காதீங்க" என்பாள்.

அந்தப் பிள்ளை எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்புப் படித்தது.

சனிக்கிழமை மதுரை அக்கா என் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஜீப்பு, காய்ச்சரம், அம்மாவின் விரல் என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலி. ஜீப்புப் படத்துக்குத் திரும்பப் போனார். அங்கேயும் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம். வரிசைப் படத்திலும் அப்படியே.

"இங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு ராசாத்தியின் ஞாபகம் வந்தது. சொல்லக் கூசினாலும் உண்மையைச் சொல்கிறேன், அடுத்த நிமிடமே பெருமை பொங்கியது. ஊரே மறைத்ததை என் கேமரா பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, படத்தில் தெரிந்ததைச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். "யாருக்கும்மா எடம் விட்டு உக்கார்றீங்க?"

"யாரு விட்டா? போடி, சோலியப் பாத்துக்கிட்டு" என்றாள். சிறிது நேரம் கழித்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படத்த யாருக்கும் காட்டாத, ஆத்தா" என்றாள். அம்மா என்னை ஆத்தா என்று கூப்பிட்டால் கெஞ்சுகிறாள் என்று அர்த்தம். தெரிந்தும் நான் கேட்கவில்லை.

கண்காட்சியில் என் பத்துப் படங்களையும் வாசலுக்கு நேர் எதிரே வைத்தார்கள். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். மூடுபனி வரிசைப் படத்தைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கூட்டம் குறைந்த பிறகும் ஒரு பிள்ளை மட்டும் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தது. ரெட்டைச் சடை, கையில் சாப்பாட்டுக் கூடை. யார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எங்கம்மா போற தோட்டமாக்கா இது?" என்றாள். போன என்று அவள் சொல்லவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் படம் எடுத்தவளுக்குக் கதை சொல்லாமல் இருக்க முடியுமா? காலியாக இருந்த வரிசையைத் தொட்டுக் காட்டினேன். அவளுடைய அம்மா ஓடிப்போகவில்லை என்று அந்தப் பெண்கள் எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும், அதனால்தான் இன்னமும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். குரல் கொடுப்பதைச் சொன்னேன். நான் கொடுத்ததைச் சொன்னேன். கேட்டவள் கண் விரிவதைப் பார்த்த உற்சாகத்தில், ஓடைப்பக்கமிருந்து பதில் குரல் வந்ததையும் சொன்னேன்.

அவள் படத்துக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். "அப்ப எங்கம்மா அங்கயேதான் இருக்காங்களாக்கா?"

படத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஆமா" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஜீப்பு நின்றிருந்தது. பெண்கள் யாரும் ஏறாமல் கீழே கூடி நின்றார்கள்.  உள்ளே, அம்மா வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையோடு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். விடிகிற வெளிச்சத்தில் அவள் அப்படியே ராசாத்தி மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எறங்குத்தா. ஸ்கூலுக்கு நேரமாகலையா?" என்று அம்மா கேட்டாள்.

"அம்மாவப் பாக்க வர்றேன் அத்தை. நான் குரல் குடுத்தா வெரசா வந்துருவாங்க. அக்காதான் சொன்னாங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஜீப்பில் ஏறி, அந்தப் பிள்ளையை ஒட்டி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கிறுக்கச்சி படம் நல்லாருக்கணும்னு கதை கட்டியிருக்கா. அங்க ஒண்ணுமில்லத்தா, வெறும் காடு. உங்கம்மா ஓடித்தான் போயிட்டா. திருப்பூருப் பக்கம் பாத்தேன்னு ஒரு ஆளு எங்கிட்டயே சொன்னாரு. பனியன் கம்பெனியில இருக்காளாம்."

"நெசமா அத்தை?"

"அவகிட்டயே கேளு." அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லுடி. கட்டுக்கதைதான அது?"

அத்தனை பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கட்டுக்கதை எதுவும் சொல்லவில்லை. என் படம் பொய் இல்லை. பொய் சொன்னவர்கள் அவர்கள்தான். ஆனாலும் தரையைப் பார்த்து, "ஆமா, சும்மாதான் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பிள்ளை பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "திருப்பூர்ல எங்க அத்தை?" என்று கேட்டபடியே இறங்கினாள். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அவளைப் பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் திருப்பூரைப் பற்றித்தான் பேச்சு. அம்மா திருப்பூரைப் பார்த்ததே இல்லை.

நான் பத்தடி பின்னால் நடந்தேன். பத்துப் பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாள் என்ற ஆத்திரத்தில் அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. செத்தவள் வரமாட்டாள், ஓடிப்போனவள் என்றைக்காவது திரும்பி வரலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.