பம்பாயிலிருந்து வந்த கொசு பயம்

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் கோட்டையைப் பார்ப்பார்கள், கொசுவைத் திட்டுவார்கள், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். திட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுகாதாரத் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு கொசுவைத் திட்டியே ஓய்வு பெற்றவன் நான். ஆனால் கொசுவுக்குப் பயப்படுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறை தெரியாமல் பயந்த இரண்டு பேர், அறுபதுகளில் நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, செஞ்சியில் எங்கள் வீட்டில் வந்து ஒரு பகலும் ஓர் இரவும் தங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஓய்வூதியம் மாதிரி மாதம் தவறாமல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அவர்கள் வந்தது என் அத்தையைப் பெண் பார்க்க. அத்தை நைனாவின் கடைசித் தங்கை. வயது இருபத்தாறு, அந்தக் காலத்தில் அது வீட்டுக்குள்ளேயே தணிந்த குரலில் சொல்லவேண்டிய வயது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் ஆபீஸ் வேலை. அவர்களும் எங்களைப் போலத் தமிழ் ஜைனர்கள்தான், தொண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் போனவர்கள். போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளை சரி என்றுவிட்டார். அவருடைய அண்ணனும் அண்ணியும் நேரில் வந்து ஒரு பார்வை பார்த்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டால் முடிந்தது. அத்தை ஒரு வாரமாகப் பாடிக்கொண்டே வீடு பெருக்கினாள்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கொண்டுவந்த சாமான்கள்: கொசுவலை, காய்ச்சல் மாத்திரை, பிளாஸ்கில் கொதித்த தண்ணீர், மருந்து அடிக்கும் தகரப் பம்பு. ஆப்பிரிக்காக் காட்டுக்குப் போகிறவன்கூட இவ்வளவு முன்னெச்சரிக்கையாகப் போயிருக்க மாட்டான்.

"இங்கெல்லாம் யானைக்கால் ஜாஸ்தியாமே?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணன்காரர் கேட்டார்.

"அதெல்லாம் அந்தக் காலத்துலங்க. இப்ப ஒண்ணும் இல்ல" என்றார் நைனா.

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வண்டிக்காரரும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இது பொறவியிலேருந்தே இப்படித்தாங்க" என்று எங்களுக்காகப் பொய் சொன்னார். அந்தப் பகலில் அத்தைக்காக வெளியாள் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

மலேரியா ஒழிப்புக்காரர்கள் மருந்தடிக்க வந்தால் நைனா வாசலிலேயே கையெடுத்துக் கும்பிடுவார். "உயிருங்க. அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம். மோர் குடிச்சிட்டுப் போங்க." அவர்களும் மோர் குடித்துவிட்டு, மருந்தடித்தாகிவிட்டது என்று சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சர்க்காருக்குக் கதவைத் திறக்காத நைனா, சம்பந்திக்குத் திறந்தார். பம்பாய்க்காரர் அறைக்குள் பம்பை அடிக்க அடிக்க, நைனா வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்களாம், கொசுவ மட்டும் கொல்லுவாங்களாம். நல்ல ஜைனருங்க" என்றாள் அம்மா.

"சும்மா இரு. காதுல வுழப்போவுது."

போன மானத்தை மீட்க நினைத்தாரோ என்னவோ, நைனா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் எங்கள் வீட்டு ஆசாரத்தைக் காட்டினார். இறைத்த தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டுவோம். துணியில் தங்கும் பூச்சிபுழுக்களை உதறி எறிய மாட்டோம். நல்ல தண்ணீரால் அலசி, ஒரு செம்பில் இறக்கி, நோகாமல் கிணற்றுக்குள்ளேயே திருப்பி விடுவோம். எந்த ஜைனரும் மெச்சவேண்டிய காரியம். நைனா துணியை விரித்துக் காட்டினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"ஐயையோ, இது கொசுக்குஞ்சு! இதையா மறுபடியும் கிணத்துல விடறீங்க?"

"உயிராச்சுங்களே" என்றார் நைனா.

"நாங்களும்தான் வடிகட்டறோம். ஆனா பம்பாய்க் குழாய்ல இப்படி நெளியறது எதுவும் வராது."

நாங்கள் தினமும் மரியாதையோடு வழியனுப்பிய குஞ்சுகள் சிறகு முளைத்துச் சாயங்காலம் வீட்டுக்கே திரும்பி வந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யானைக்காலைப் பரப்பும் கொசு சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. கிணற்றுக் கொசு வேறு ஜாதி. அதனால் மலேரியா வந்திருக்கலாம். மலேரியாவுக்குப் பயந்திருந்தால் நானே எழுந்து நின்று மரியாதை செய்திருப்பேன். அவர் பயந்தது யானைக்காலுக்கு. அதுவும் ஒரு ராத்திரி கடியில் வருகிற நோயல்ல, வருஷக்கணக்காகக் கடிபட வேண்டும். இதெல்லாம் தெரியாத மனிதர் உத்தரவு போட்டார்: குடிக்க, குளிக்க, கை கழுவ, எல்லாவற்றுக்கும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

அத்தை கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தினாள். குடம் குடமாகச் சேந்தி, வடிகட்டி, வெந்நீர் அண்டாவில் ஊற்றினாள். அம்மா அடுப்பைவிட்டு நகர முடியவில்லை, பொழுது சாய்வதற்குள் விருந்து முடியவேண்டும். அத்தை அன்று உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பிறகு அதே கால்களோடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பரிமாறினாள்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அண்ணி, அந்த அம்மாள், அத்தையை உள்ளறைக்கு அழைத்தாள். கூடவே அம்மா போனாள். என்னை யாரும் ஆளாகக் கணக்கில் எடுக்காததால் நானும் போனேன்.

"புடவையைக் கொஞ்சம் தூக்கும்மா, காலைப் பார்க்கணும்."

"இன்னாங்க இது, மாடா புடிக்கிறீங்க?" என்றாள் அம்மா.

"தப்பா நினைக்காதீங்க. எங்க டாக்டர் சொல்லி அனுப்பினார்."

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு புடவையை உயர்த்தினாள். அந்த அம்மாள் குனிந்து, வலது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் அப்படியே நின்றது. களிமண்ணில் விழுந்த மாதிரி இருந்தது. எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து, கையைக் கழுவ வெந்நீர் கேட்டாள்.

காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பரிசோதனையை நான் பின்னாளில் முறைப்படி கற்றேன், பலருக்குக் கற்றும் கொடுத்தேன். முதலில் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததா என்று கேட்க வேண்டும். தொடையிடுக்கில் நெறி கட்டியதா என்று கேட்க வேண்டும். இரண்டு காலையும் அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பதானால் ஊர் தூங்கிய பிறகு எடுக்க வேண்டும், பகலில் அந்தக் கிருமி அகப்படாது. எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்க வேண்டும். கேட்டிருந்தால் அத்தை சொல்லியிருப்பாள்: உங்களுக்குக் கை கழுவத் தண்ணீர் சேந்திக்கொண்டு நீங்கள் வந்ததிலிருந்து நிற்கிறேன் என்று. அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. இடது காலை அவள் தொடக்கூட இல்லை.

தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. "போய் லெட்டர் போடறோம்" என்றார்கள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"சேந்திச் சேந்தி வீங்கின காலு அது. ஓடிப்போயி சொல்லுங்க" என்றாள் அம்மா.

"உங்களாலதான்னு விருந்தாளி மூஞ்சில சொல்லச் சொல்றியா? வுடு" என்றார் நைனா. கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உயிர் நோகக்கூடாது என்று கொசுக்குஞ்சைச் செம்பில் இறக்கி அனுப்பிய மனிதர் அவர்.

பஸ் ஸ்டாண்டு எங்கள் தெருக்கோடியில்தான். பஸ் இன்னும் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவுவது வீட்டுக்குள் கேட்டது. அத்தை கூடத்துக்கு அடுத்த நடையில் வந்து உட்கார்ந்து, காலை நீட்டி, என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க அமுக்கு."

அமுக்கினேன். இரவெல்லாம் படுத்திருந்த கால், விரலை எடுத்ததும் பழையபடி ஆயிற்று.

"பள்ளம் வுழுதா?"

"இல்ல அத்தை."

"சத்தமா சொல்லு."

"இல்ல!"

"இந்தக் காலு?"

"இல்ல! இல்ல!"

"இன்னும் சத்தமா சொல்லுடா."

புது ஆட்டம் என்று நினைத்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். நைனா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். வாசலுக்குப் போகவில்லை. "காலங்காத்தால இன்னாடா கூச்சல்?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டது.

அன்று முழுவதும் நான் அத்தையோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும் போகவில்லை. அவளுக்குத்தான் அவ்வளவு நல்ல குரல் இருக்கிறதே, அவளே கத்தியிருக்கலாமே, என்னை ஏன் மாட்டிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.