பெருவெள்ளத்தின் வெளிவாசல்

சார்ஜர் கம்பெனியில் கனகம் வேலை பார்த்த லைனையே மூடிவிட்டார்கள். நாற்பது வயது தாண்டியவளை வேறு எந்தக் கம்பெனியும் எடுப்பதாக இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் வேண்டுமாம் என்று கான்ட்ராக்டர் சொன்னார். வீடு இருந்த பென்னலூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். போனாள்.

முதல் நாளே சூப்பர்வைசர் ஜாஸ்மின் அவளை ஒரு பெரிய கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"அக்கா, இதான் உங்க பாயின்ட். போட் இப்டி வெளிய வரும். நனைஞ்சுகினு இறங்குவாங்க. துண்டு குடுக்கணும், தரைய தொடச்சுகினே இருக்கணும். யாராவது வழுக்கி வுழுந்தா நம்மளதான் கேப்பாங்க."

"உள்ள இன்னாம்மா கீது?"

"முன்னாடி போர்டு பாக்கல? பெருவெள்ளம். இங்க இதுக்குத்தான் கூட்டம்."

பூங்கா திறப்பதற்கு முன்னால் உள்ளேயும் துடைக்க வேண்டியிருந்தது. விளக்கைப் போட்டதும் கனகம் பார்த்தாள். ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஜன்னல் மட்டும் தண்ணீரில் மூழ்காத வீடுகள். பாதி முங்கிய ஒரு டவுன் பஸ். ஒரு மொட்டைமாடியில் புடவை கட்டிய பொம்மை ஒன்று, மோட்டாரில் கையை மேலும் கீழும் ஆட்டி உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சுவரில் பாசி பிடித்த மாதிரி பெயின்ட் அடித்திருந்தார்கள். நன்றாகவே அடித்திருந்தார்கள். கனகம் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடாமல் வந்ததால் என்று ஜாஸ்மினிடம் சொன்னாள்.

2015 டிசம்பர் மழையில் அவளுடைய ஒரே மகள் சுகப்பிரியா போய்விட்டாள். ஏழு வயது. அப்போது வல்லம் வடகால் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். கனகம் அன்றைக்கு நைட் ஷிப்ட். மழையில் பஸ் ஓடாததால் கம்பெனியிலேயே எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கணவன் ரகுபதிதான் குழந்தையோடு வீட்டில் இருந்தான். ஏரித் தண்ணீர் விடியும்போது வந்தது. இடுப்பளவு தண்ணீரில் கனகம் நடந்தே வந்து சேர்ந்தபோது, ஒரு லாரியின் மேல் ரகுபதி தனியாக உட்கார்ந்திருந்தான். குழந்தை எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பென்னலூரில் இரண்டாவது மாடியில் வீடு பார்த்துக்கொண்டார்கள். ரகுபதி ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். குழந்தை பிறந்த நாளிலிருந்து கனகம் அவனைப் பிரியாப்பா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். குழந்தை போனபின் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக, "இந்தாங்க, சாப்பாடு," "இந்தாங்க, போன் அடிக்குது" என்றே காலம் ஓடியது.

பூங்காவில் எந்த இடத்தில் வேலை என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. வேறு பாயின்ட் கேட்டுப் பார்த்தாள். ராட்டினத்தில் ஆள் நிரம்பிவிட்டது என்றாள் ஜாஸ்மின். நாளெல்லாம் கொட்டகைக் கதவு திறக்கும். உள்ளேயிருந்து இடிச் சத்தம், அலறல். பிறகு படகு வெயிலில் வந்து நிற்கும். "நீங்க தப்பிச்சுட்டீங்க!" என்று ஒலிபெருக்கி கத்தும். நனைந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, அலறியபோது எடுத்த தங்கள் போட்டோவைத் திரையில் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள். கனகம் ஆளுக்கொரு துண்டு நீட்டுவாள். இவர்களுக்கெல்லாம் அந்த வருஷம் எங்கே போயிற்று என்று மனசுக்குள் கொதிக்கும். அந்த வருஷம் மூழ்கிப்போன முடிச்சூரிலிருந்தும் வரதராஜபுரத்திலிருந்தும்கூட வந்தார்கள். "எங்க தெரு மாதிரியே கீதுடா!" என்று ஒரு பையன் நண்பனின் முதுகில் தட்டிச் சொல்லிக்கொண்டு போனான்.

வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு இலவச பாஸ் கொடுத்தார்கள். அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்து படகு வந்து நின்றது. கடைசி வரிசையில் சொட்டச் சொட்ட ரகுபதி உட்கார்ந்திருந்தான்.

கனகம் துண்டோடு படகருகே போனாள். அவன் உடைந்துபோவான் என்று நினைத்தாள். அவன் இறங்கி வந்து, அவள் கையிலிருந்து துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறும் வந்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை உள்ளே போய் வந்தான்.

வீட்டில் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "உங்களுக்கு இன்னா மனசா, கல்லா? எப்டி போயி உக்காரத் தோணுது அதுல?"

ரகுபதி சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "இடியெல்லாம் சும்மா. அன்னிக்கு சத்தமே இல்ல, தெரியுமா? தண்ணி பாட்டுக்கு வந்துச்சு. ஆனா கனகம், உள்ள எவ்ளோ தண்ணி வந்தாலும் கடைசில கதவு தொறக்குது. எல்லாரும் வெளிய வராங்க. ஒரு ஆள் கொறையல. நான் எண்ணிப் பாத்துகினேதான் வரேன்."

அன்று அவன் படகில் வந்தபோது திரையில் தெரிந்த போட்டோ அவளுக்கு ஞாபகம் வந்தது. அத்தனை பேரும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்க, அவன் முகம் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. அதனால் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது.

அரையாண்டு விடுமுறை. கூட்டம் அதிகம். தனியாக வருபவர்களைக் காலி இருக்கையில் அங்கங்கே நிரப்பினார்கள். படகு வெளியே வந்து நின்றபோது ஒரு குழந்தையின் அழுகை கேட்டது.

"கை வலிக்குது அங்கிள்! விடுங்க! வலிக்குது!"

ரகுபதி தன் பக்கத்தில் இருந்த சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முன் வரிசையில் இருந்த அவளுடைய அம்மா திரும்பிப் பார்த்து அலறினாள். அப்பா பாய்ந்து வந்து ரகுபதியின் பிடரியில் ஓங்கி அடித்தார். செக்யூரிட்டி ஓடிவந்து அவனுடைய தோளைப் பிடித்து இழுத்தார். ரகுபதி விடவில்லை. அடிகள் அவன் மேல் விழுவதுபோலவே தெரியவில்லை.

கனகம் துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "பிரியாப்பா!" என்று கத்தினாள். "பிரியாப்பா, உட்ருங்க! வெளிய வந்தாச்சு! பாருங்க, வெயிலு! வெளிய வந்தாச்சு!"

அவன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தான். கை தளர்ந்தது.

மேனேஜர் இனியவனின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று சிறுமியின் அப்பா நின்றார். கனகம் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தப்பான ஆளு இல்லம்மா அவரு. எங்க பொண்ண தண்ணில கைய புடிச்சு இட்டுகினு வந்தாரு. கை வலிக்குதுப்பா, கொஞ்சம் மெதுவா புடின்னு சொல்லிச்சாம் கொழந்த. வலிக்குதேன்னு லேசா தளத்துனாராம். அவ்ளோதான். அப்புறம் கைல ஒன்னும் இல்ல."

சிறுமியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் கண் நிறைந்தது. ஆனாலும் மகளின் கையை எடுத்துக் காட்டினாள். மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா இவ ரொம்ப பயந்துட்டா. இனிமே யாரு கைய புடிச்சாலும் இவளுக்கு இது ஞாபகம் வருமே. அதுக்கு நான் இன்னா பண்றது?"

கனகம் அவள் காலில் விழப் போனாள். அந்த அம்மா பின்வாங்கிக்கொண்டாள். புகார் எதுவும் கொடுக்காமல் அவர்கள் போனார்கள்.

இனியவன் சின்ன வயசுக்காரன். ரகுபதி இனி வரக்கூடாது என்று சொல்ல அவனுக்கே சங்கடமாக இருந்தது. சொல்லி முடித்தபின் கேட்டான்: "அக்கா, இந்த ரைடையே நாங்க வெச்சிருக்கக் கூடாதா? இன்னா நினைக்கறீங்க?"

அந்தக் கேள்விக்காக அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள். துண்டு கொடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்த்திருந்தாள். அடுத்தவன் சாவை வெச்சு விளையாடறீங்களே, உருப்படுவீங்களா என்று. இப்போது அது ஒன்றும் வரவில்லை.

"என்ன கேட்டா இன்னிக்கே மூடுங்கன்னுதான் சொல்லுவேன் சார்," என்றாள். "அவர கேக்காதீங்க, மூட வேணாம்பாரு. அவருக்கு வேற எங்க போவறதுன்னு தெரியாது."

ரைடை மூடவில்லை. கனகம்தான் வேலையை விட்டு நின்றுகொண்டாள். இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். ரகுபதி ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவள் அவனை இப்போது பிரியாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் உடனே திரும்புவதில்லை. ஒரே ஒருமுறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "இப்ப துண்டு யாரு குடுக்கறாங்க?" தெரியாது என்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான், சாப்பிடவில்லை.

போன வாரம் கேன்டீன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பூங்காவுக்குப் போகத் திட்டம் போட்டார்கள். "கனகக்கா, நீங்க அங்க வேல செஞ்சீங்கல்ல? எது நல்லாருக்கும்?" என்று கேட்டார்கள்.

"ராட்டினம் நல்லாருக்கும். மேல போனா ஏரி முழுசா தெரியும்."

"வெள்ளம் சூப்பரா கீதாமே?"

"துணியெல்லாம் நனைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு, கனகம் அண்டாவில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டத் தொடங்கினாள்.