லைன் ரோசாக்

எங்கள் பக்கத்தில் இணையம் என்று யாரும் சொல்வதில்லை. லைன் என்றுதான் சொல்வார்கள். பகா டவுனைச் சுற்றியுள்ள தோட்டங்களில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பாதிக்கு அது கிடைக்காது. லயத்துல லைன் இல்ல டாக்டர் என்று வருகிறவர்கள் எல்லாம் அலுத்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, வெளியே மழை பெய்கிறது என்பது போல அது எனக்கு ஒரு சாதாரணச் செய்தியாகிவிட்டிருந்தது. என் கிளினிக் டவுனின் ஓரத்தில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே லைன் இருந்தது.

நோயாளிகளின் அட்டைகளை இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கணினிக்கு மாறியபோது பெருமையாகத்தான் இருந்தது. பதிவெல்லாம் எங்கேயோ தூரத்தில் பத்திரமாக இருக்கும், பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்றார்கள். வைஃபை பெட்டியை அந்த அலமாரியின் மேலேயே வைத்தேன். கடவுச்சொல், எட்டு எட்டுகள். எட்டு ராசியான எண் என்று கடைவீட்டுச் சொந்தக்காரரான சீனர் சொன்னார். எனக்கோ மறக்காமல் இருந்தால் போதும். அதை ஒரு தாளில் எழுதி, காத்திருக்கும் இடத்தின் சுவரிலும் ஒட்டினேன். தோட்டத்திலிருந்து வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், படமாவது பார்க்கட்டும் என்று. நல்ல மனசுக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அப்படி லைனுக்காக வந்தவர்களில் ஒரு அம்மாவும் உண்டு, அப்போது அவர் என் நோயாளி இல்லை. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை அவருக்கு. அவர் கணவர்தான் என் நோயாளி. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிற ரகம். எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு காலையில் வாய் கோணி, வலப்பக்கம் முழுக்க விழுந்துபோய், யாருடைய காரிலோ கொண்டுவந்து சேர்த்தார்கள். உடனே சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் நின்றது. பேச்சு போய்விட்டது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினாள். அம்மாவுக்கு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போய்வர முடிந்தது.

மற்ற நாட்களில், மாலை ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் மோட்டாரில் பின்னால் ஏறி வந்து என் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்காருவார். மகள் அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எட்டை எட்டு முறை அமுக்கத் தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது. சாதாரணமாகப் போனில் பேசலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"அவருக்குத்தான் பேச்சு இல்லியே டாக்டர். என் மூஞ்சியப் பாத்தா கையத் தூக்குவாரு. அது போதும்லா," என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஒரு திங்கட்கிழமை, தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற ஒருவர் காலில் சீழ்வைத்த காயத்தோடு வந்தார். பெயரைத் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் மூலையிலிருந்த வைஃபை அடையாளத்தில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. எல்லாக் கோடும் இருக்கிறதே, அப்புறம் என்ன கேடு என்று கணினியைத் திட்டினேன். வெளியே கூட்டம் நெரிந்தது. அலர்ஜி ஏதும் உண்டா என்று அவரையே கேட்டேன். இல்லை என்றார். பென்சிலின் வகை மாத்திரையை ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்பினேன்.

மருந்து கொடுக்கிற பெண் அந்தத் தாளோடு என் அறைக்குத் திரும்பி வந்தாள். போன வருஷம் மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு முட்டியது இவருக்குத்தானே என்று மெதுவாகக் கேட்டாள். பத்து நிமிடம் கழித்துப் பதிவு திறந்தபோது, மேலேயே சிவப்பு எழுத்தில் நானே அதை எழுதி வைத்திருந்தேன். அந்த மனிதரோ, மருந்து ஒத்துக்கொள்ளாது என்றுதானே அப்போது சொன்னீர்கள், அலர்ஜி என்று சொல்லவில்லையே என்றார். அவர் வரையில் அலர்ஜி என்றால் தும்மல். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அவரைக் கொன்றிருப்பேன்.

மறுநாள் காலையில் சிரம்பானிலிருந்து கணினி பழுதுபார்க்கிறவரை வரவழைத்தேன். நடுவயது மலாய்க்காரர், பொறுமைசாலி. சுவரில் ஒட்டியிருந்த எட்டு எட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் விளக்கினார். அந்தக் கோடுகள் என் கணினிக்கும் அலமாரி மேலிருக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும், பெட்டியிலிருந்து வெளியே போகிற வழியில் நெரிசல் இருந்தால் கோடுகளுக்கு அது தெரியாது. கூடத்தில் பத்துப் பேர் படம் பார்த்தால், ஒரே குழாயில் பத்து வீட்டுக்காரரும் தண்ணீர் பிடிக்கிற கதைதான், என் பதிவுக்குச் சொட்டுத்தான் மிஞ்சும். அதைவிட மோசம், நோயாளிகளின் ரகசியம் ஓடுகிற அதே வைஃபையில் தெருவில் போகிறவனையெல்லாம் சேர்த்துக்கொண்டது. இதை டாக்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார். ஆறு வருஷம் படித்ததில் யாரும் சொல்லித்தரவில்லைதான்.

வருகிறவர்களுக்கென்று தனியாக, குறைந்த வேகத்தில், பதிவுகள் பக்கமே வராத இன்னொரு வைஃபையை அதே பெட்டியிலேயே வைக்கலாம், பத்து நிமிட வேலை என்றார். அதற்காகக் கணினியை விட்டு நான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. வெளியே கூட்டம். அடுத்த முறை பார்க்கலாம், இப்போது கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போங்கள் என்றேன். எனக்கே பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டிய நீளத்தில் ஒன்றை வைத்துக்கொடுத்தார். சுவரிலிருந்த தாளை நானே கிழித்தேன்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மருந்து கொடுக்கிற பெண் கேட்டாள்.

"லைன் ரோசாக்னு சொல்லிடு," என்றேன்.

கெட்டுப்போன எதையும் இங்கே ரோசாக் என்றுதான் சொல்வோம். மூடிவிட்டேன் என்றால் ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்ல வேண்டும், சிலர் கெஞ்சுவார்கள். கெட்டுப்போன சாமானிடம் யாரும் கெஞ்ச மாட்டார்கள். அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

அன்று மாலை அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. புதன்கிழமையும் தெரிந்தது. போனை உயர்த்திக் கண்ணாடிப் பக்கம் பிடித்துப் பார்த்தார். இவருக்கு மட்டும் போட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நோயாளி வந்தார், மறந்துவிட்டேன். வியாழன், வெள்ளி அவர் வந்தாரா என்று நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை பெஞ்ச் காலியாக இருந்தது.

பழுதுபார்க்கிறவர் மறுவாரம் வந்து அந்த இன்னொரு வைஃபையை வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பெயரையும் அதே எட்டு எட்டுகளையுமே அதற்கு வைக்கச் சொன்னேன், பழகினவர்களுக்குத் தானாகவே வரட்டும் என்று.

மூன்று வாரம் போல ஆகியிருக்கும். தலைசுற்றல் என்று அந்த அம்மா முதல்முறையாக நோயாளியாக என் முன் உட்கார்ந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கடைசியாக இங்கே வந்த வாரத்து வெள்ளிக்கிழமை கணவர் போய்விட்டார், பதினாறு முடிந்து இப்போதுதான் வெளியே வருகிறேன் என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். அதிகமாகத்தான் இருந்தது.

"கடைசி நாலு நாளும் வெறும் போன்லதான் பேசுனேன் டாக்டர். மக அவரு காதுல வச்சிச்சு. கொரலு கேட்டுச்சாம். கேக்க கேக்க போனப் புடுங்கி மூஞ்சிக்கு நேரா வச்சி வச்சிப் பாத்தாராம்." ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அந்த நேரம் பாத்தா ஒங்க லைன் ரோசாக்காவணும்? என் நேரம்."

நான் பேசுவதற்குள் அவர் மடியிலிருந்த பையில் போன் ஒலித்தது. ஒருமுறை அல்ல, விட்டு விட்டுப் பல முறை. சுவருக்கு அப்பால் இருந்த பெட்டியைப் போன் அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. எடுத்து என்னிடம் நீட்டினார், என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

மகளின் வீடியோ அழைப்புகள். எடுக்கப்படாதவை. செவ்வாய் ஐந்து மணி, ஐந்து மணி இரண்டு நிமிடம். புதன் ஐந்து மணி. வியாழன் ஐந்து மணிக்கு நான்கு முறை. வெள்ளி ஐந்து மணிக்கு ஒன்று.

சொல்லியிருக்கலாம். உங்கள் நேரம் இல்லையம்மா, நான் மூடினேன் என்று. அந்தப் பெண்ணிடம் மூடிவிட்டேன் என்று சொல்லச் சொல்லியிருந்தால், இந்த அம்மா உள்ளே வந்து கேட்டிருப்பார். நான் கொடுத்திருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னா டாக்டர் போட்டிருக்கு?"

"பழசும்மா," என்றேன். "லைன் ரோசாக்கா இருந்தப்ப வந்தது."