நாலாம் கிடங்கின் ஆறாவது ஆள்

நம்பினால் நம்புங்கள். இது பட்டப்பகலில், முந்நூறு பேர் நடுவே எனக்கு நடந்தது.

1898 ஜூலை, மால்டா துறைமுகம். எங்கள் போர்க்கப்பல் ‘ஆர்கோசி’யில் கரி ஏற்றும் நாள். மகாராணியின் கப்பல் என்று ஊரே வாய்பிளக்கும். கரி நாளில் எங்கள் கோலத்தைப் பார்த்தால் பெற்ற தாயே கதவைச் சாத்திக்கொள்வாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கருப்பு; யார் யாரென்றே தெரியாது. அதனால் கப்பலடிக் கரிக் கிடங்கில் இறங்கியவர்கள் மேலே வந்ததும் எண்ணிச் சொல்வது குழுத் தலைவன் பொறுப்பு. அவன் சொன்ன பிறகுதான் கிடங்கு வாயின் இரும்பு மூடியைத் திருகி அடைப்பார்கள்.

இடப்பக்க நாலாம் கிடங்குக்கு நான் தலைவன். எனக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவன் சைலஸ், என் தங்கை லவ்டேயின் புருஷன். கல்யாணமாகி மூன்றே மாதம். “அவரைப் பத்திரமா கூட்டிட்டு வாண்ணா” என்று அழுது அனுப்பியிருந்தாள்.

பகல் 12.40. வேலை முடிந்தது.

“ஜெத்ரோ, ஆறு பேரும் மேல வந்தாச்சா?” அதிகாரி கத்தினார்.

எண்ணினேன். ஆறு. கடைசியில் நின்றவனுக்கு சைலஸின் உயரம், சைலஸின் கூன் தோள்.

“என்ன மாப்ளே, பேச்சே காணோம்?”

தலையை மட்டும் ஆட்டினான்.

“ஆறும் சரிங்க!” என்றேன். மூடியைத் திருகினார்கள்.

1.15. குளியல். கருப்பு கரைந்து ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. ஐந்து முகம்... ஆறாவது வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது.

சைலஸ் எங்காவது படுத்துத் தூங்குவான் என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். மேலே வந்தவனை நானே பார்த்தேனே!

3.50. காலடியில் சத்தம்.

டக்... டக்...

“எலிடா” என்றான் ஒருவன்.

டக்...

பிறகு அதுவும் இல்லை.

ஓடினேன். மூடியைத் திறந்தோம்.

சரிந்த கரிக்குப் பின்னால் சைலஸ். விரல்களில் நகமே இல்லை.

“உடம்பு இன்னும் சுடுது. உயிர் போய்க் கால் மணி நேரம்தான் ஆகுது” என்றார் கப்பல் மருத்துவர்.

அப்படியென்றால் நான் பார்த்தது சைலஸின் ஆவிகூட இல்லை. அப்போது அவன் உயிரோடு கீழே கிடந்தான். நான் யாரை ‘மாப்ளே’ என்றேன்?

ஊர் திரும்பியதும் லவ்டே ஒரே கேள்விதான் கேட்டாள். “எண்ணிப் பார்த்தியாண்ணா?”

1911-ல் கப்பலை உடைக்க விற்றார்கள். கடைசியாகப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு கிழவர். ‘ஆர்கோசி’ முதன்முதலாகக் கடலில் இறங்கிய வருஷம் அதில் கரி அள்ளியவராம். எந்தக் கிடங்கு என்று கேட்டேன்.

“இடப்பக்கம் நாலு. அதுல எங்காளு ஒருத்தன் உள்ளயே மாட்டிச் செத்துட்டான், தம்பி. நான்தான் எண்ணினேன். எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு.”