மாமனார் ஊர்ச் சட்டை

கம்பம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் போன வாரம் இரண்டு பையன்கள் ஒரே செல்போனை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். ஏதோ தப்புத்தண்டா செய்து தடை வாங்கிய கிரிக்கெட்காரர் ஒருவர் மறுபடி அணிக்கு வருகிறாராம். கூட ஆடுகிறவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா என்பது வழக்கு. என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. அதற்குள் டீ வந்துவிட்டது. ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அருள் ஞாபகம்தான் வந்தது.

அருள் ஜீப் ஓட்டினான். விடிவதற்குள் எங்கள் ஊர் ராயப்பன்பட்டியில் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மலையேறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவான். ஜீப், சட்டை, தலைமுடி எல்லாம் ஏலக்காய் மணக்கும். அவன் வீசுகிற பந்தும் மணக்கும். நான் விக்கெட் கீப்பர் என்பதால் சொல்கிறேன். எனக்கு ஓட வராது, பந்து போட வராது, நிற்க வரும். அதனால் கீப்பர். அருள் போடுகிற பந்து கண்ணுக்குத் தெரியும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்று வெளியூர்க்காரர்களிடம் அளந்துவிடுவேன்.

மாப்பிள்ளைச் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் ஆடலாம். எங்கள் ஊரில் பெண் எடுத்த கூடலூர்க்காரர் ஒருவர் இருந்தார். முதலில் இறங்கி வெளுத்து வாங்குவார். அவரை உள்ளே இழுப்பதற்காக, "பொண்ணு எடுத்த ஊரும் சொந்த ஊருதான்" என்று கமிட்டியோடு மல்லுக்கட்டிச் சட்டம் கொண்டுவந்தவர் எங்கள் கேப்டன் மைக்கேல் அண்ணன். மாப்பிள்ளை தயவில் கோப்பை எங்களுக்கே வந்தது. சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டோம்.

அப்புறம் அருளுக்கு லோயர் கேம்ப்பில் பெண் முடிந்தது. இறுதிப் போட்டிக்கு முந்திய நாள் மாமனார் வீட்டு விருந்துக்குப் போனவன், நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். சொன்னபடி வந்தான். லோயர் கேம்ப் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்கு எங்களோடு மோதியது அந்த ஊர்தான்.

"என்னலே இது?" என்றார் மைக்கேல்.

"மாமா கேட்டாகண்ணே. கெடாக்கறி போட்டு ஒக்கார வச்சுக் கேட்டாக. எப்பிடிண்ணே மாட்டேங்கிறது?"

கால் பக்கம் வருகிற பந்து மைக்கேலுக்கு ஆகாது என்பது எங்கள் அணிக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். முதல் பந்தே அங்கேதான் வந்தது. ஸ்டம்ப் பறந்தது. கூடலூர் மாப்பிள்ளையையும் அவனே எடுத்தான். தோற்றோம். சட்டப்படி அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அதோடு அருளிடம் பேச்சை நிறுத்தினோம். அவன் ஜீப்பில் மட்டும் ஏறிக்கொண்டோம், வேலைக்குப் போக வேண்டுமே. சாயங்காலம் எங்களை இறக்கிவிட்டுவிட்டு அவன் மைதானத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி பானட்டில் உட்கார்ந்திருப்பான். எல்லை தாண்டி வருகிற பந்தைப் பொறுக்கி எறிவான். யாரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அடுத்த சீசன் முழுக்க இப்படித்தான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நிற்கிற வேலையும் போய்விட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கையில் அவனே வந்தான். "அண்ணே, என்னையச் சேத்துக்கங்க. வண்டி ஓட்டுறேன், வீட்டுக்குப் போறேன். நடுவுல இது ஒண்ணு இல்லாம கிறுக்குப் புடிச்சிரும் போலருக்கு."

அன்றைக்குப் பிரசங்கமே மன்னிப்பைப் பற்றித்தான். பங்குச் சாமியார் எங்களைப் பார்த்து அர்த்தமாகச் சிரித்தார். மைக்கேல் பவ்வியமாகக் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சாச்சு சாமி. ஆனா மன்னிக்கிறது வேற, டீம்ல சேக்குறது வேற."

நாங்கள் தலையாட்டினோம். அப்போது பார்த்து, "மாமனார் ஊருக்கு ஆடுனது தப்புன்னா, நானும் நின்னுக்கிறேன்" என்றார் கூடலூர் மாப்பிள்ளை. கொள்கையா, அவர் அடிக்கிற சிக்ஸரா? முடிவை ஒத்திவைத்துவிட்டுக் கலைந்தோம்.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கையில் மைக்கேலுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் வேறு யாருமில்லை, அருளின் கொழுந்தியாள். அதே லோயர் கேம்ப், அதே மாமனார், அதே கெடாக்கறி. அந்த வருடமும் இறுதிப் போட்டி அவர்களோடுதான். விருந்துக்குக் கிளம்பும் முன் மைக்கேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அருளைச் சேத்துக்கங்கப்பா."

அவ்வளவுதான் தீர்ப்பு. சட்டம் போட்டவரே லோயர் கேம்ப் சட்டையில் மட்டையோடு வந்து நின்றார். அருள் ஓடி வந்தான். எனக்கு ஏலக்காய் மணந்தது. கால் பக்கம்தான். ஸ்டம்ப் என் முழங்காலில் வந்து மோதியது. "கறி இன்னும் செரிக்கலப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் மைக்கேல்.

மறுநாள் சாயங்காலம் அவர் மைதானத்துக்குள் வரவில்லை. எல்லைக்கு வெளியே, ஜீப் நிற்கும் இடத்தில் தயங்கி நின்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அருள்தான் கத்தினான்: "அண்ணே, அங்கன நின்னு பந்து பொறுக்காதீக. நான் ஒரு சீசன் பொறுக்கிப் பாத்துட்டேன். இங்கன வாங்க."

மைக்கேல் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

இப்போதும் எங்கள் பக்கம் போட்டிகள் நடக்கின்றன, பந்தலும் மைக்கும் வர்ணனையுமாக. எந்த ஊரிலிருந்தும் ஆளைப் பேசிக் கூட்டிவரலாம், மாப்பிள்ளைச் சட்டம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருவனைத் துரோகி என்று சொல்லி ஒரு வருடம் பேசாமல் இருக்க அவனும் நம் ஊர்க்காரனாக இருக்க வேண்டுமல்லவா? போன பொங்கலுக்கு எங்கள் அணிக்குப் பந்து போட்ட ஒரு பையனின் வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், "தம்பி எந்த ஊருக்காக ஆடுறீக?" என்று சும்மா வம்புக்குக் கேட்டேன்.

"காலைல சின்னமனூருண்ணே" என்றான். பிறகு குனிந்து தன் சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னான்: "இப்ப ராயப்பன்பட்டி."