சூரைப் புதருக்குள் அண்ணன் தேடிய பாட்டுக்காரன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் கடைத்தெரு அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம். அண்ணன் செய்த நல்லதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். கூட இருந்து நான் பார்த்த ஒன்றை எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது குருவிகுளம் பக்கம், வானம் பார்த்த பூமியில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் சங்கரன்கோவிலுக்கு வந்து, ஜவுளிக்கடையில் வேலை பார்த்து, பிறகு சொந்தக் கடை வைத்துத் தங்கைகள் எங்களைக் கரையேற்றினார்.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தபோதுதான் புறவாசல் சூரை முட்புதரில் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். குடத்தைக் கவிழ்த்ததுபோல் கடகடவென்று கொட்டிவிட்டு நின்றுவிடும். புதர் உச்சியில் எப்போதும் கொண்டைக்குருவி இருக்கும். அதுதான் பாடுகிறது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தோம்.

"ஏட்டி, அது வாயத் தொறக்கவே இல்லியே. உள்ள வேற ஆளு இருக்கு" என்றார் அண்ணன்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணன் மகன், என் மருமகன், சுற்றுச்சுவர் கட்ட ஜேசிபிக்குச் சொல்லியிருந்தான். புதர் போய்விடும்.

"யாரு இருக்கான்னு தெரியாமலே வீட்டக் காலி பண்ணச் சொல்லுதியேல."

"வெள்ளிக்கிழமை வண்டி வருதுப்பா. அதுக்குள்ள ஆளக் காட்டுங்க, பாப்போம்."

விடிந்ததும் நாற்காலியைப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். சத்தம் வரும், ஆள் வராது.

"பாட்டுப் பின்னால போகாத. பசிக்கு வெளிய வரும். பழத்தப் பாரு" என்றார்.

வியாழக்கிழமை, கறுத்த பழம் நிறைந்த சூரைக் கிளை ஒன்று அசைந்தது. முதலில் கண்டது நான்தான், அண்ணனே ஒத்துக்கொண்டார். கொண்டை இல்லை. பச்சை கலந்த சாம்பல் உடம்பு. கண்ணுக்கு மேலே சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல் வெள்ளைக் கோடு. ஒரு பழத்தை விழுங்கிவிட்டுக் கடகடவென்று கொட்டியது. உள்ளிருந்து அதன் ஜோடி பதில் கொட்டியது. அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாலடியப் பாருட்டி, எலுமிச்ச மஞ்சள். கொண்டைக்குருவிக்குச் செவப்புல்லா."

மருமகன் செல்போனில் தேடி, வெண்புருவச் சின்னான் என்றான். கொண்டைக்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் கூச்சக்காரன். பழத்தைத் தின்று, இருக்கிற இடமெல்லாம் கொட்டையைப் போடுமாம். வேப்பமரத்தடியில் தானாக முளைத்திருந்த சூரைக் கன்றை விதைத்தது யாரென்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

"சரிப்பா, சுவர வளச்சுக் கட்டிக்கிடுதேன்" என்றான் மருமகன்.

"வாடக கேட்டுராதல."

நோயில் படுத்ததும் கட்டிலைப் புறவாசல் ஜன்னலோரம் போடச் சொன்னார். பேச்சு நின்ற பிறகும், சத்தம் கேட்டால் ஒரு விரல் தூக்குவார். ஜோடி பதில் சொன்னால் இன்னொரு விரல். கடைசிக் காலையிலும் இரண்டு விரலையும் தூக்கினார்.

அவரைத் தாங்கிப் பிடித்த பக்கத்து வீட்டாருக்கும், கடையநல்லூரிலிருந்து வந்து உடனிருந்த ஜவுளித் தோழர்களுக்கும், சொன்ன சொல் காத்த மருமகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாப்பிட்டுக் கை கழுவப் புறவாசலுக்கு வரும்போது சுவர் ஓரிடத்தில் வளைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது கொத்தனார் பிழை அல்ல. அண்ணன் நின்று அளந்து காட்டிய இடம்.